சதுரங்கத் தொடக்கம்: வரலாறு புகட்டும் பாடம்

சதுரங்கம் எம்மவருக்கு அந்நியமானதொரு விளையாட்டன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையே அதன் பெயர் குறிக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணபட்டர் தமது ஹர்ஷ சரிதத்திலே அதனைக் குறிப்பிட்டுள்ளார். சோழநாட்டின் திருப்பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசிளங்குமரியாய்ப் பிறந்த அம்பிகையைச் சிவபெருமான் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்து வரலாறு. அப்பர் சுவாமிகளின் பாடல் பெற்ற தலம் அது.

இத்தகைய பழமையுடைய விளையாட்டை இன்று கற்கப் புகும் எமது இளைஞர் ஒரு வாயிலிலேயே தடுக்கி விழுகின்றனர். அவ்வாயில்தான் தொடக்க ஆட்டம். காய்கள் செல்லும் விதத்தை ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளலாம். அதற்கப்பால் முதற் பத்து நகர்வுகளை எவ்வாறு ஆடுவது என்ற கேள்வி எழுந்ததும், இத்தாலியம், இஸ்பானியம், சிசிலியம், பிரெஞ்சு, இந்தியம் என நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து குவிகின்றன. கைபேசியைத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் கிளைகள், கிளைகளுக்குட் கிளைகள். ஒருவர் அவற்றை வாய்பாடுபோல மனனஞ் செய்கின்றார். எதிராளி மூன்றாம் நகர்விலேயே வேறு வழி சென்றதும் திகைத்து நிற்கின்றார். இன்னொருவர், “நூல் எதற்கு? மூளை போதும்” என்று துணிந்து, நன்றாக ஆடத் தொடங்குமுன்னரே அரசனை இழக்கின்றார். இருவரும் சில மாதங்களிற் பலகையை மடித்து வைத்துவிடுகின்றனர்.

இவ்விரு வழியும் தவறென்பதற்குச் சதுரங்க வரலாறே சான்று. அவ்வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டி, புதிதாய்க் கற்போர் எவ்வழியிற் செல்லல் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம். காய்களை அரசன், இராணி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்னும் பழகிய பெயர்களாலேயே குறிப்போம்.

பாக்தாத்தின் போரணி

பாரதநாட்டிற் பிறந்த சதுரங்கம் பாரசீகஞ் சென்று, அங்கிருந்து அரபு மக்களிடம் சத்ரஞ்ச் என்னும் பெயரோடு சேர்ந்தது. அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியிலே பாக்தாத் நகரில் அது பெருஞ் சிறப்புற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல் அத்லி என்பாரும், அவருக்குப் பின் அஸ் ஸூலி என்பாரும் அவ்விளையாட்டைப் பற்றி நூல்கள் எழுதினர். அயலூர் இசுலாமிய அன்பர்களோடு அக்கம்பக்கமாக வாழும் எமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். தொடக்க ஆட்டத்தை முதன்முதல் நூல்வழி ஆராய்ந்த பெருமை அவ்வரபு அறிஞர்களுக்கே உரியது.

அக்காலத்துச் சதுரங்கம் மெல்ல நடப்பது. இன்று இராணி நிற்கும் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மாத்திரமே செல்லும். இன்று மந்திரி நிற்கும் இடத்திலிருந்த காய் மூலைவாட்டில் இரண்டாங் கட்டத்துக்குத் தாவும். அதற்கு அப்பாற் செல்லாது. காலாளும் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் செல்வதில்லை. ஆகவே இரு படைகளும் கைகலப்பதற்குப் பல நகர்வுகள் பிடித்தன. அவ்விடைவெளியில் ஆடுவோர் தத்தம் படையைத் தாம் விரும்பிய அணியில் நிறுத்துவர். அவ்வணிக்குத் தாபியா என்று பெயர். போர்க்களத்தில் படை வகுத்தல் என்பது அச்சொல்லின் பொருள்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் கற்றது நகர்வுகளின் வரிசையை அன்று. படை இறுதியில் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்னும் வடிவத்தையே. எதனை முன்னே நகர்த்துவது, எதனைப் பின்னே நகர்த்துவது என்பதைச் சமயம் பார்த்துத் தீர்மானித்தனர். புதிதாய்க் கற்போருக்கு உகந்த முறையும் இதுவேயாம்.

ஐரோப்பாவில் நேர்ந்த மாற்றம்

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் ஐரோப்பாவிலே விதிகள் மாறின. இராணி எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லலாம் என்றாயிற்று. மந்திரியும் மூலைவாட்டில் பலகையின் கோடிவரை பாயலாம் என்றாயிற்று. மெல்ல நடந்த போர் மின்னல்வேகம் பெற்றது. கவனமின்றி ஆடுபவன் நாலாம் நகர்விலே, ஏன், இரண்டாம் நகர்விலேகூட அரசனை இழக்கும் நிலை உண்டாயிற்று. ஆகவே தொடக்க நகர்வுகளை நுணுகிக் கணக்கிடுந் தேவை எழுந்தது. இஸ்பானியராகிய லுசேனாவின் நூல் 1497ஆம் ஆண்டில் சலமங்கா நகரில் அச்சாயிற்று. போர்த்துக்கேயராகிய தமியானோவின் நூல் 1512இல் உரோமாபுரியில் வெளிவந்தது. ரூய் லோப்பெஸ் என்னும் இஸ்பானியப் பாதிரியார் 1561இல் தமது நூலை வெளியிட்டார். இன்று இஸ்பானியத் தொடக்கம் எனப்படுவது அவர் பெயராலும் வழங்குகின்றது.

தமியானோவின் பெயர் தாங்கிய தடுப்பொன்று உண்டு. இருவரும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றனர். வெள்ளை, அரசன் பக்கக் குதிரையை வெளிக்கொணர்ந்து கறுப்பின் காலாளைத் தாக்குகின்றது. அதனைக் காக்கும் பொருட்டுக் கறுப்பு, அரசன் பக்க மந்திரிக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்துகின்றது. பார்வைக்கு இது நியாயமான காவல் போலத் தோன்றும். உண்மையிலோ, குதிரை வந்து நிற்கவேண்டிய கட்டத்தைக் காலாள் பிடித்துக்கொள்கின்றது; அரசனை நோக்கி மூலைவாட்டில் ஒரு வழியும் திறந்துவிடுகின்றது. வெள்ளை தன் குதிரையைப் பலியிட்டு, இராணியை அவ்வழியே அனுப்பிப் பெருந்தாக்குதல் நடத்தலாம். இத்தடுப்பு ஆகாதென்று எடுத்துக்காட்டியவரே தமியானோ. இருந்தும் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தொடக்கமொன்றுக்குப் பெயர் இருப்பதனால் மாத்திரம் அது நல்லதாகிவிடாது என்பதை இளைஞர் இதிலிருந்து உணர்வாராக.

கல்கத்தாவில் எழுந்த இந்தியத் தடுப்பு

ஐரோப்பிய விதிகள் மாறிய பின்னரும் பாரதநாட்டில் பழைய வழக்குகள் நெடுங்காலம் நிலைத்திருந்தன. இடத்துக்கிடம் விதிகள் சிறிது வேறுபட்டனவாயினும், காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் என்பது பலவிடங்களிற் பொதுவாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவிலே ஜோன் கொக்ரேன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பாரிஸ்டராகத் தொழில் புரிந்தார். ஐரோப்பாவிலும் பெயர்பெற்ற சதுரங்க வீரர் அவர். நகருக்கு வெளியே நாட்டுப்புறத்தில் எவராலும் வெல்லப்படாத பிராமணர் ஒருவர் இருக்கின்றார் என்னுஞ் செய்தி அவருக்கு எட்டியது. அவர்தாம் மகேசசந்திர பானர்ஜி. 1848 முதல் 1860 வரையான காலத்தில் இருவரும் ஆடிய ஆட்டங்களில் நானூறுக்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன.

மகேசசந்திரர் தொடக்கத்திலே காலாள்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, அரசன் பக்க மந்திரியைக் குதிரையின் பின்னே மூலைவாட்டில் நிறுத்தி, அரசனை அதன் நிழலிலே பத்திரப்படுத்துவார். நடுக்கட்டங்களைக் காலாள்களால் உடனே பிடிப்பதே முறை எனக் கொண்ட ஐரோப்பியருக்கு இது விநோதமாகத் தோன்றியது. ஆனால் அம்மந்திரி தூரத்திலிருந்தே நடுக்கட்டங்களைக் குறிவைத்து நின்றது. இந்தியத் தடுப்பு என்னும் பெயர் இவ்வாட்டங்களை ஒட்டி எழுந்ததென்பர். இன்று உலகின் மிகப் பெரிய வீரர்களும் ஆடும் அரசன் பக்க இந்தியத் தடுப்பு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இன்னுமொரு செய்தி. 1855ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் மகேசசந்திரர் முதலிற் குதிரையை வெளிக்கொணர்ந்தார். பின் குதிரைப் பக்கக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார். மூன்றாவதாக இராணிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் பாயவிட்டு நடுக்களத்தில் மோதினார். ஆயினும் அவ்வாட்டத்தில் வென்றவர் கொக்ரேனே. அறுபத்தேழு ஆண்டுகளின் பின், 1922இல், ஏர்ன்ஸ்ட் குருன்பெல்ட் என்னும் ஒஸ்திரிய வீரர் அதே முறையை ஆடினார். இன்று அது குருன்பெல்ட் தடுப்பு என்றே வழங்குகின்றது. பெயர் எவருக்குப் போயிற்று என்று வருந்துவதற்காக இதனை நாம் கூறவில்லை. மகேசசந்திரர் இரண்டு கட்டப் பாய்ச்சல் என்னும் புதிய விதியைப் புறக்கணித்தாரல்லர். தாம் அறிந்த பழைய அணியோடு அதனை இணைத்தார். நூலில் இல்லாத நகர்வு அவருக்கு எவ்வாறு கிட்டியது? அணியின் நோக்கம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தமையாலேயாம்.

சுல்தான் கானின் ஏற்றமும் இடர்ப்பாடும்

நூலே வேண்டாம் என்போர்க்கு மீர் சுல்தான் கானின் வரலாறு நல்ல மறுமொழியாகும். பஞ்சாபிலே பிறந்து இந்திய முறைச் சதுரங்கத்திற் பழகிய அவர், நிலக்கிழாராகிய சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்றார். ஐரோப்பியத் தொடக்க நூல்களிற் பயிற்சி பெறாதவர். இலண்டனில் ஆடிய சிறு போட்டியொன்றில் கடைநிலைக்குப் பின்தங்கினார். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அவருக்கிருந்த ஆற்றல், தொடக்கத்தில் ஏற்பட்ட சேதத்தை ஈடுசெய்யப் போதவில்லை.

அவர் சோர்ந்திருக்கவில்லை. வில்லியம் வின்டர், பிரெட் யேட்ஸ் என்னும் ஆங்கில வீரர் இருவர் தொடக்க ஆட்டத்தில் அவருக்குப் பயிற்சி கொடுத்தனர். அவ்வாண்டுக் கோடையிலேயே ராம்ஸ்கேற் நகரில் பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தைச் சுல்தான் கான் வென்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். 1930ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஹேஸ்ரிங்ஸ் போட்டியிலே, முன்னாள் உலகச் சாம்பியனாகிய கப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். 1931இல் பிராகா நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் இங்கிலாந்தின் முதற் பலகையில் ஆடி, உரூபின்ஸ்டைன், புளோர் ஆகிய பெருவீரர்களை வென்றார். 1933ஆம் ஆண்டிறுதியில் தாயகந் திரும்பி, 1966இல் காலமானார். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 2024இல் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

அவரது வாழ்வு இரண்டு உண்மைகளை ஒருங்கே காட்டுகின்றது. நூலறிவின்றியே ஒருவன் ஆழ்ந்த ஆட்டக்காரனாகலாம். கப்பபிளாங்காவை வென்ற ஆற்றல் எந்தத் தொடக்க நூலிலிருந்தும் வந்ததன்று. ஆயினும் அவ்வாற்றல் வெளிப்படுவதற்குத் தொடக்கத்தைச் சேதமின்றிக் கடந்தாக வேண்டும். அதற்குப் பிறர் கற்றதைக் கேட்டறிதல் அவசியம். நூலை இகழ்வோர் அவரைத் துணைக்கழைக்க முடியாது. அவரே ஆசிரியரை நாடியவர்.

சென்னையில் வளர்ந்த மரபு

தமிழகத்துக்கு வருவோம். 1935இல் பர்மாவிற் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மனுவேல் ஆரோன், 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். முன்னாள் உலகச் சாம்பியனாகிய மாக்ஸ் ஏவேயை 1960இல் லைப்சிக் ஒலிம்பியாட்டில் வென்றவர் அவர். 1959 முதல் 1981 வரையான காலத்தில் ஒன்பது முறை தேசியச் சாம்பியனாக விளங்கினார். வீடுகளிற் பரம்பரையாக ஆடப்பட்ட நாட்டு விதிகளே அந்நாளிற் பரவலாக இருந்தன. சர்வதேச விதிகளைப் பரப்பி, தொடக்க ஆட்டங்களை நூல்வழி பயிலுமாறு இளைஞரைத் தூண்டியவர்களுள் ஆரோன் முதன்மையானவர். 1972இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்திலே, உலகச் சாம்பியன் மிக்கேல் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அமைந்தது. அதனை வளர்த்தவரும் அவரே.

1969இல் மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த் தம் அன்னையாரிடம் ஆறு வயதிற் சதுரங்கங் கற்றார். பின்னர் அத்தால் கழகத்தில் ஓயாது ஆடி வளர்ந்தார். 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்று, 2007 முதல் 2013 வரை அதனைத் தொடர்ந்து வைத்திருந்தார். தொடக்க ஆட்ட ஆராய்ச்சியில் உலகம் மதிக்கும் வல்லுநரானார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அன்னை, பின்னர் கழகம், அதன்பின்னரே ஆராய்ச்சி.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரிலே பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான சென்னைச் செல்வன் குகேஷின் வரலாறும் இதற்கு அரணாகின்றது. கணினியைத் தட்டினால் எந்நிலைக்கும் விடை கிடைக்கும் இக்காலத்தில், அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளிற் கணினியின் துணையை விலக்கி, அவரைத் தாமே சிந்திக்கப் பழக்கினார். கணினியின் விடை பின்னர் வந்தது. சொந்தச் சிந்தனை முன்னர் வந்தது.

கற்போர் செய்ய வேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து எமது இளைஞர் கைக்கொள்ளத்தக்க முறையை இனித் தொகுத்துரைப்போம்.

மட்டக்களப்புத் தேசத்துக் கூத்தை அறிந்த எமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். கூத்திலே ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வருவதற்கு வரவு உண்டு. தாளக்கட்டுக்கு ஏற்ற ஆட்டத்தைக் காலிற் பழகாதவன், பாட்டை மாத்திரம் மனனஞ் செய்து களரியேறினால், அண்ணாவியார் தாளத்தைச் சற்றே மாற்றினாலும் தடுமாறுவான். சதுரங்கத் தொடக்கமும் காய்களின் வரவே. ஒவ்வொரு காயும் எதற்காகக் களரிக்கு வருகின்றது என்பது முதற் பாடம். அது வரும் வரிசை இரண்டாம் பாடம்.

முதற் பாடத்தின் விதிகள் சிலவே. பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களிற் கண்வைத்தல் வேண்டும். குதிரைகளையும் மந்திரிகளையும் விரைந்து வெளிக்கொணர வேண்டும். தக்க காரணமின்றி ஒரே காயை இருமுறை நகர்த்தலாகாது. இராணியை அவசரப்பட்டு வெளியே அனுப்பலாகாது. கோட்டை கட்டி அரசனைப் பத்திரப்படுத்த வேண்டும். இவ்வைந்தும் காலில் ஏறிய தாளம்போலப் பழகும்வரை வேறெந்தப் பெயரையும் தேடவேண்டுவதில்லை.

இராணியை ஏன் அவசரப்பட்டு அனுப்பலாகாது? நாலு நகர்வில் முற்றுகை எனப்படும் வித்தையைப் பார்ப்போம். வெள்ளை தன் மந்திரியையும் இராணியையும் வெளியே கொணர்ந்து, கறுப்பரசனின் பக்க மந்திரிக்கு முன்னுள்ள காலாளைக் குறிவைக்கும். அரசன் ஒருவனைத் தவிர வேறு காவலற்ற காலாள் அது. அறியாதவர் தோற்பர். அறிந்தவரோ, இராணி பக்கக் குதிரையால் நடுக்காலாளை முதலிற் காத்து, அரசன் பக்கக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளி இராணியை விரட்டுவர். இராணி பின்வாங்கி மீண்டும் அதே காலாளைக் குறிவைத்தால், மற்றக் குதிரையை வெளிக்கொணர்ந்து வழியை அடைப்பர். இப்போது கணக்குப் பாருங்கள்: கறுப்பின் இரு குதிரைகளும் களத்தில் நிற்கின்றன, வெள்ளையின் இராணியோ வீணே அலைந்திருக்கின்றாள். வித்தை கற்றவன் ஒருமுறை வெல்வான். விதி கற்றவன் என்றும் நிற்பான்.

அதன்பின் ஒரு தொடக்கத்தைத் தெரிந்துகொள்ளலாம். வெள்ளைக்கு இத்தாலியத் தொடக்கம் எளிது. அரசன் முன்னுள்ள காலாள், அரசன் பக்கக் குதிரை, அதே பக்க மந்திரி என மூன்று நகர்வுகளில், மேற்கூறிய விதிகள் யாவும் கண்முன் நிற்கும். கறுப்புக்கு, எதிராளி அரசன் முன்னுள்ள காலாளை நகர்த்தினால் ஒன்று, இராணி முன்னுள்ள காலாளை நகர்த்தினால் ஒன்று, ஆக இரண்டு போதும். மூன்று தொடக்கங்களை ஓராண்டு விடாது ஆடுபவன், முப்பதை ஒரு மாதத்திற் படித்தவனிலும் மேலானவன்.

நூலைத் திறக்குங் காலமும் ஒன்றுண்டு. ஆடுமுன் அன்று, ஆடியபின். தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளைக் கொப்பியில் எழுதிவைத்து, எந்த நகர்விலே நூல்வழியை விட்டு விலகினோம், நூல் கூறும் நகர்வு ஏன் மேலானது என்று நண்பரோடு இருந்து ஆராய வேண்டும். “ஏன்” என்பதற்கு வாய்மொழியாக விடை சொல்லத் தெரியாத நகர்வை மனனஞ் செய்யாதிருத்தல் நன்று. கைபேசியிலுள்ள கணினியையும் இவ்வாறே கொள்க. நாம் சிந்தித்து முடித்தபின் திருத்தும் ஆசிரியராக அது இருக்கட்டும். எமக்குப் பதிலாகச் சிந்திக்கும் வேலையாளாக வேண்டாம்.

நிறைவுரை

எமது பகுதியிலே, ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கல்முனை வரை, கூர்த்த மதியுடைய பிள்ளைகளுக்குக் குறைவில்லை. விலையுயர்ந்த நூல்களும் தலைநகரத்துப் பயிற்சியும் இல்லையே என்னும் ஏக்கமே அவர்களைத் தளரச் செய்கின்றது. மகேசசந்திரர் வங்கத்து நாட்டுப்புறத்திலே வாழ்ந்தவர். சுல்தான் கான் பஞ்சாபின் கிராமத்தவர். பலகையும் காய்களும் பொறுமையோடு ஆடும் ஒரு துணையுமே அவர்களுக்கு முதலிற் கிடைத்தவை. அவை எமக்கும் கிடைக்கும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் பலகையின் முன் இருப்பதைக் கண்டு, பொழுதை வீணாக்குகின்றார்கள் என்று கடியாதீர்கள். மாலையில் ஒருமணி நேரம் எதிரே அமர்ந்து, “இந்தக் குதிரை ஏன் இங்கே வந்தது, தம்பி?” என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வி பத்து நூல்களுக்கு நிகர். இளைஞர் மன்றங்கள் வாசிகசாலை மேசையில் இரண்டு பலகைகளை வைத்தால், தாலின் பெயராற் சென்னையில் நடந்த பணி சிறிய அளவிலேனும் இங்கும் நடைபெறும்.

பாக்தாத்து அறிஞர் கண்டதும், கல்கத்தாவில் மகேசசந்திரர் காட்டியதும், சுல்தான் கான் இடர்ப்பட்டு அறிந்ததும் ஒன்றே. முதலில் படையை ஒழுங்காக நிறுத்து. ஏன் அவ்வாறு நிறுத்துகின்றாய் என்பதை அறிந்து நிறுத்து. பின்னர் போர் செய். இதனை எமது இளைஞர் உளங்கொண்டு, ஊக்கந் தளராது பயின்று, ஊருக்கும் நாட்டுக்கும் நற்பெயர் ஈட்டுவாராக.